பேயாண்டியின் ஒற்றை விரல்

தனக்கு முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை உடனே நம்பிவிடக் கூடாது என்பதில் ஜானுலோகம் மூட்டு மருத்துவ மையம் மிக உறுதியாக இருந்தது. ஜானு என்றால் வடமொழியில் முழங்காலாம். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, நாலுவழிச் சாலையோரம் ஐந்து மாடிக்கு எழும்பி நிற்கும் அந்தக் கட்டடத்தில் முழங்காலைத் தவிர வேறு எந்த உறுப்புக்கும் அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் என்று யாராவது வந்துவிட்டால் வாட்ச்மேனே கைவைத்தியம் சொல்லி அனுப்பிவிடுவார். வாசலுக்குப் பதினெட்டுப் படிகள். மூட்டு ஆஸ்பத்திரிக்கு எதற்கு இத்தனை படி என்று ஆட்டோக்காரர்கள் கேட்பதுண்டு. 'படிகள் நோயாளியின் தன்னம்பிக்கைக்காக' என்று நிர்வாகம் பக்கத்திலேயே பலகை மாட்டியிருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பதினெட்டையும் ஏறியவர்களில் பேயாண்டியும் ஒருவர். கூடவே மனைவி சோலையம்மாள், ஒரு கையில் எக்ஸ்ரே கவரும் இன்னொரு கையில் தூக்குவாளியுமாக.

பேயாண்டிக்கு வயது அறுபத்தொன்று. அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஊரில் கொஞ்சம் காடுகரை இருந்தாலும் மனிதருக்குப் பிழைப்பு மதுரைக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். முப்பத்துநாலு வருஷமாகப் பந்தி விசாரிப்பு. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று, வருகிறவர்களை முகம் பார்த்து அழைத்து, இன்னார் இன்னார் பக்கத்தில் உட்காரலாம், இன்னார் கூடாது என்று மனசுக்குள் முடிவு பண்ணி உட்காரவைத்து, அப்புறம் இலை இலையாக நடந்து, "கூட்டு வந்துச்சா, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா" என்று கேட்டுக்கொண்டே போகிற வேலை. இதற்கு நல்ல நாக்கு வேண்டும், நல்ல கால் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நல்ல உள்ளங்கை வேண்டும்.

ஏனென்றால் விருந்தாளிக்கு இடம் காட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. ஐந்து விரலையும் சேர்த்து, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, லேசாகக் குனிந்து காட்ட வேண்டும். ஒற்றை விரலை நீட்டிக் காட்டினால் தீர்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பார். அவர் பின்னாலேயே நாற்பது பேர் எழுந்திருப்பார்கள். அதனால் பேயாண்டியின் ஆள்காட்டி விரல் முப்பத்துநாலு வருஷமாக மற்ற விரல்களை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லை. அதற்கு முன்பும் அது பெரிதாக ஒன்றும் வேலை பார்த்ததில்லை. பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகிவிடும் என்று சின்ன வயதில் வாங்கிய குட்டு இன்னும் அவர் மண்டையில் பத்திரமாக இருந்தது.

இப்போது அவருடைய ஒரே மகள் பவதாரிணிக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. கொட்டாம்பட்டி கண்ணுச்சாமி வீட்டுப் பையன். ஆவணி இருபத்தேழு, அதே மண்டபம். முதலாளி மண்டபத்தைச் சும்மாவே கொடுத்துவிட்டார். பேயாண்டிக்கு மனசில் ஒரே ஒரு ஆசை. ஊர்ப்பட்ட பேருக்குப் பந்தி விசாரித்தாயிற்று. தன் மகள் கல்யாணத்தில் முதல் இலையிலிருந்து கடைசி இலை வரைக்கும் தானே நடந்து போய்க் கேட்க வேண்டும். அதற்குள் இந்தக் கால் சரியாக வேண்டும். வேறு எதையும் அவர் சாமியிடம்கூடக் கேட்கவில்லை.

முதல் நாள் பார்த்த டாக்டர் ஜூடு சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தார். முழங்காலை மடக்கினார், நீட்டினார், அப்படியும் இப்படியும் அசைத்தார். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"அய்யா, உள்பக்கம் மட்டுந்தான் தேஞ்சிருக்கு. வெளிப்பக்கம் அப்படியே இருக்கு, தசைநாரெல்லாம் உறுதியா இருக்கு. முழு மூட்டையும் எடுக்க வேண்டாம், தேஞ்ச பாதிய மட்டும் மாத்துனாப் போதும். ஆறு வாரத்துல நல்லா நடப்பீங்க."

"பந்தியில நடக்கலாங்களா சார்?"

"தாராளமா. ஆனா இப்ப பண்ணுனாத்தான் பாதி. இழுத்துக்கிட்டே போனா அடுத்த பக்கமும் தேஞ்சுரும், அப்பறம் பாதிங்கிற பேச்சே கிடையாது."

"அப்ப நாளைக்கே பண்ணிருங்க சார்," என்றாள் சோலையம்மாள்.

டாக்டர் ஜூடு கதவைப் பார்த்தார். அது மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "தகுதிக் குழுன்னு ஒண்ணு இருக்கும்மா. அவங்க சரின்னு சொல்லணும்."

தகுதிக் குழு பிறந்த கதை இது. ரொம்ப நாளைக்கு முன்னால் பாதி மூட்டு மாற்றிக்கொண்டு போன ஒருவர் திரும்பி வந்து, மீதிப் பாதியும் வலிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இனி ஒருவர்கூட அப்படித் திரும்பி வரக் கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்கு ஒரே வழி யாரையும் எளிதில் அனுப்பாமல் இருப்பதுதான். பாதி மூட்டுக்கு ஒருவர் தகுதியானவரா என்று தீர்மானிக்கப் பதினோரு பேர் கொண்ட குழு அமைந்தது. அந்தப் பதினோரு பேரில் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறவர் டாக்டர் ஜூடு ஒருவர்தான். அவருக்கு ஓட்டு கிடையாது.

பேயாண்டியின் காப்பீட்டு அட்டையில் அன்றைக்கே 'பரிசீலனையில்' என்று ஏற்றினார்கள். அது ஏறிவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தக் காலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

குழுவுக்கான கோஆர்டினேட்டர் திவ்யா. கையில் தொடுதிரை டேப், முகத்தில் சிரிப்பு. எதிர்நாற்காலியில் பேயாண்டியை உட்காரவைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டாள்.

"நல்லாருக்கீங்களாப்பா?"

"நல்லாருக்கேன் தாயி."

யாராவது நல்லா இருக்கிறாயா என்று கேட்டால் வேறு என்ன சொல்ல முடியும்? கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் அதைத்தானே சொல்வோம். திவ்யா டேப்பில் 'வலி: பூஜ்யம்' என்று ஏற்றினாள்.

"குளிக்கிற தொட்டியில படுத்துட்டு எந்திரிக்க முடியுதாப்பா?"

"எங்க வீட்டுத் தொட்டியில மாடுதாம்மா தண்ணி குடிக்கும்."

'எழ இயலவில்லை.'

"கோல்ஃப் ஆடும்போது சிரமம் இருக்கா?"

"அதெல்லாம் ஆடுறதில்ல தாயி."

'முற்றிலும் நின்றுவிட்டது.'

இப்படி நாற்பத்தெட்டுக் கேள்விகள். முடிவில் டேப் தானாகவே ஒரு சுருக்கம் எழுதியது. வலி எதுவும் இல்லாத, ஆனால் வாழ்க்கையில் எதையுமே செய்ய இயலாத நோயாளி. திவ்யா அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் கவலைப்பட்டாள். "பரவாயில்லப்பா, ஒற்றை விரல் சோதனையில சரி பண்ணிக்கலாம். வலி எங்க இருக்குன்னு காட்டுங்க."

பேயாண்டி காலை நீட்டினார். ஐந்து விரலையும் சேர்த்து, உள்ளங்கையை விரித்து, லேசாகக் குனிந்து, முழங்காலின் உள்பக்கத்தைக் காட்டினார். மாவட்டப் பிரமுகர் ஒருவருக்கு இலை காட்டுவதுபோல் அவ்வளவு பணிவாக இருந்தது.

திவ்யா எழுதிக்கொண்டாள். 'உள்ளங்கை.'

"என்னப்பா, இப்படிக் காட்டிட்டீங்க. ஒத்த விரல்ல காட்டுனாத்தான் ஒரு இடத்துல வலின்னு அர்த்தம், பாதி மூட்டு. உள்ளங்கையால காட்டுனா மூட்டு முழுக்க வலிக்குதுன்னு அர்த்தம்."

"இல்ல தாயி, உள்பக்கம் மட்டுந்தான் வலிக்குது. எனக்குக் கை அப்படித்தான் வரும்."

"வாயால சொல்றத எடுத்துக்க மாட்டோம்ப்பா. வலியைப் பத்தி நோயாளிங்க என்ன வேணாலும் சொல்லுவாங்க."

சோலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எட்டிக் குனிந்து புருஷனின் முழங்கால் உள்பக்கத்தில் தன் விரலால் அழுத்தினாள். "இந்தா பாப்பா, இங்கனதான். போன மாசம் ஒத்தடம் கொடுத்தவ நானு."

"நீங்க காட்டுனா உங்களுக்குத்தாம்மா ஆபரேஷன் பண்ணணும்," என்றாள் திவ்யா.

பேயாண்டி முயற்சி பண்ணிப் பார்த்தார். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினார். கூடவே மற்ற நாலும் எழுந்து வந்தன. மறுபடி நீட்டினார். மறுபடியும் வந்தன. 'ஐந்து' என்று ஏற்றிவிட்டு, விரல் பயிற்சி வகுப்புக்கு எழுதிக்கொடுத்தாள் திவ்யா. வைகாசிக் கடைசியிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும், ஆறு வாரம்.

விரல் பயிற்சி வகுப்பு நாலாவது மாடியில். லிஃப்ட் டாக்டர்களுக்கு மட்டும். சுவரில் ஆள் உயர முழங்கால் படம். எதிரே பெஞ்சில் எட்டுப் பேர். "நீட்டு… நிறுத்து… மடக்கு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் விரல் நீட்டி நிறுத்தி மடக்கினார்கள்.

பேயாண்டிக்குப் பக்கத்தில் ஞானசீலன் உட்கார்ந்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விரல் வில்லில் பூட்டிய அம்பு மாதிரி நின்றது.

"உங்களுக்குத்தான் நல்லா வருதே சார், நீங்க எதுக்கு இங்க?" என்று கேட்டார் பேயாண்டி.

"முப்பத்தாறு வருஷம் பசங்களப் பாத்து நீட்டுன விரல். வராம என்ன செய்யும்?" என்றார் ஞானசீலன். "மொதல்ல பாதி மூட்டுக்குத்தான் வந்தேன். விரல கரெக்டா வச்சேன். வச்சவன் சும்மா இருந்திருக்கணும். 'முதலாவதாக இங்கே, இரண்டாவதாக இது ஏன் என்றால்'னு விளக்கப் போயிட்டேன். விரல் நகந்துருச்சுன்னு தள்ளிட்டாங்க. ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப மூட்டு முழுக்கப் போயிருச்சு. முழு மூட்டுக்கு வேற குழு. அங்க உள்ளங்கையால காட்டணும், அதுக்கும் இதே வகுப்புக்குத்தான் அனுப்புறாங்க. எனக்கு விரல்தான் வருது."

பேயாண்டி தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஞானசீலன் தன் விரலைப் பார்த்தார். இருவரும் கையை மாற்றிக்கொண்டால் அன்றைக்கே காரியம் முடிந்துவிடும். அதற்குத்தான் விதிமுறையில் இடமில்லை.

வகுப்பில் வீட்டுப்பாடமும் உண்டு. வீட்டில் எதைக் காட்டினாலும் ஒற்றை விரலால்தான் காட்ட வேண்டும். பேயாண்டி உப்பு டப்பாவைக் காட்டினார். ஆட்டுக்குட்டியைக் காட்டினார். டிவியைக் காட்டினார். "எம்மேல மட்டும் நீட்டிராதீங்க, பூசணிக் கொடிப் பக்கமும் போயிராதீங்க" என்று சோலையம்மாள் சொல்லி வைத்திருந்தாள். ஐந்தாவது வாரத்தில் விரல் தனியாக வர ஆரம்பித்தது. அது வந்த நேரம்தான் சரியில்லை.

ஆனி மாதக் கடைசியில், பத்திரிகையில் யார் யார் பெயர் போடுவது என்று பேச, கொட்டாம்பட்டியிலிருந்து கண்ணுச்சாமி தன் பங்காளிகள் நாலு பேரோடு வந்து இறங்கினார். பேயாண்டி வாசலுக்கு ஓடாத குறையாக நொண்டி வந்து, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்று அழைத்து, நடுக்கூடத்து நாற்காலியைக் காட்டினார். ஒற்றை விரலால். நீட்டி, நிறுத்தி, வகுப்பில் சொன்னபடியே.

கண்ணுச்சாமி நின்றார். விரலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"பந்தி விசாரிக்கிறதுல மதுரையிலயே உங்கள அடிச்சுக்க ஆளில்லைன்னு சொன்னாங்க. சம்பந்திய எப்படி உக்காரச் சொல்லணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்," என்றார்.

வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை. பத்திரிகைப் பேச்சை எடுக்கவில்லை. கார் திரும்பிப் போனபிறகு உள்ளறையிலிருந்து பவதாரிணி வெளியே வந்தாள். "ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். பேயாண்டி விரலை மடக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாளே கொட்டாம்பட்டிக்குக் கிளம்பினார். இரண்டு பஸ். இரண்டிலும் உட்கார இடமில்லை. கண்ணுச்சாமி வீட்டு வாசலில் இரண்டு உள்ளங்கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். "தப்பாப் போச்சு சம்பந்தி. கால் வைத்தியத்துக்கு வெரல நீட்டிப் பழகச் சொன்னாங்க," என்றார். கால் வலிக்கு விரலில் வைத்தியமா என்று கண்ணுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் பிழைத்தது. திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று ஏதோ குத்தியது. அது வழக்கமாக வலிக்கும் இடம் இல்லை. பஸ் படி உயரம் என்று நினைத்துக்கொண்டார்.

இனி செத்தாலும் விரலை நீட்டுவதில்லை என்று அன்றைக்குப் பேயாண்டி சத்தியம் பண்ணினார். அடுத்த செவ்வாய் வகுப்புக்கும் போகவில்லை.

வேறு ஆஸ்பத்திரி பார்ப்போம் என்று சோலையம்மாள் சொல்ல, மதுரைக்குள் இரண்டு இடத்தில் ஏறி இறங்கினார்கள். இரண்டு இடத்திலும் அட்டையைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜானுலோகத்துல முடிவு வரட்டும்" என்றார்கள். ஜானுலோகத்தில் கேட்டால், "குழு கூடட்டும்" என்றார்கள். உள்ளே போகும் கதவு தெரிந்தது, வெளியே வரும் கதவுதான் எங்கே என்று தெரியவில்லை.

ஆடி பத்தாம் தேதி குழு கூடியது. அன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டால், ஆறு வாரம் போக, கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தாறு நாள் கையில் இருக்கும். பேயாண்டி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

நீள மேசை. பதினோரு பேர். நடுவில் தலைவர் டாக்டர் பாண்டியராஜன். சுவரில் வெண்கலத்தில் ஒரு விரல், பாராட்டுப் பரிசாக யாரோ கொடுத்தது. ஓரத்தில் டேப்போடு திவ்யா. கடைசி நாற்காலியில் டாக்டர் ஜூடு மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் எழுந்து பேசினார்.

"பேயாண்டி அவர்களே, பலரும் நினைப்பதுபோல் மருத்துவத்தில் முழங்கால் முக்கியமல்ல. முழங்கால் எல்லாரிடமும்தான் இருக்கிறது. நடைமுறை எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்தக் குழு தொடங்கிய நாளிலிருந்து தவறான ஒருவருக்குக்கூடப் பாதி மூட்டு மாற்றியதில்லை. ஏனென்றால் யாருக்குமே மாற்றியதில்லை. நூற்றுக்கு நூறு பிழையற்ற வரலாறு இது. இந்த வரலாற்றில் ஒரு கீறல் விழ உங்கள் கால் காரணமாக இருக்கக் கூடாது என்று உங்கள் நன்மைக்காகவே கேட்டுக்கொள்கிறேன். இப்போது, வலி எங்கே?"

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். பேயாண்டி காலை நீட்டினார். ஐந்து விரலையும் சேர்த்து, உள்ளங்கையை விரித்து, லேசாகக் குனிந்து, உள்பக்கத்தைக் காட்டினார்.

அறையில் ஒரு பெருமூச்சு. அதன்பிறகு விவாதம் நடந்தது. ஐந்து விரலில் ஒற்றை விரலும் அடக்கம்தானே என்றார் சட்ட ஆலோசகர். அப்படிப் பார்த்தால் மீதி நாலு விரலும் எதைக் காட்டுகின்றன என்று விளக்க வேண்டியிருக்கும் என்றார் ஒருவர். உள்ளங்கை என்றால் முழு மூட்டு, விரல் என்றால் பாதி மூட்டு, நாலு விரல் என்றால் முக்கால் மூட்டு என்று ஒன்று கண்டுபிடிக்கலாமே என்று ஆராய்ச்சிப் பிரிவுக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

டாக்டர் ஜூடு மெதுவாகச் சொன்னார். "சார், எக்ஸ்ரேயிலயே தெரியுது, உள்பக்கம்தான்."

"எக்ஸ்ரேவுக்கு விரல் இருக்கிறதா டாக்டர்?" என்று தலைவர் கேட்டார். டாக்டர் ஜூடு மறுபடி மேசையைப் பார்க்கத் தொடங்கினார்.

முக்கால் மணி நேரத்துக்குப் பின் தலைவர் முடிவைச் சொன்னார். விஷயம் ஆழமானது, அவசரப்படக் கூடாது, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.

"அடுத்த கூட்டம் எப்பங்க சார்?" என்று கேட்டார் பேயாண்டி.

"புரட்டாசியில். ஆவணி முழுக்க முகூர்த்தம் பாருங்கள். எங்களுக்கும் நாலு பந்தியில் உட்கார வேண்டியிருக்கிறது," என்று சிரித்தார் தலைவர்.

"எம்மக கல்யாணம் ஆவணி இருபத்தேழு சார். நான் நடக்கணும்."

"வாழ்த்துகள்," என்றார் தலைவர். மற்றவர்களும் வாழ்த்துகள் சொன்னார்கள்.

பேயாண்டிக்கு அந்த நேரத்தில் என்ன ஆனதென்று அவருக்கே தெரியாது. பதினெட்டுப் படியும் நாலு மாடியும் கொட்டாம்பட்டி பஸ்ஸும் மகளின் முகமும் ஒன்றாக நெஞ்சில் வந்து முட்டின. வலது கை உயர்ந்தது. நாலு விரல்கள் மடங்கின. ஐந்து வாரம் பயிற்சி பெற்ற ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் புறப்பட்டு, நேராக டாக்டர் பாண்டியராஜனின் மூக்குக்கு முன்னால் போய், நடுங்காமல் நின்றது.

"வலி எங்கன்னு கேட்டீகளே? இந்தா, இங்கதான்யா வலி. காலுல ஒண்ணுமில்ல. இங்க."

பிறகு திவ்யா எழுந்தாள். "சார், ஒத்த விரல்," என்றாள். டேப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "அசையவே இல்ல சார்."

பதினோரு பேரில் பத்துப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். விரல் இன்னும் தன் மூக்குக்கு நேரே நிற்க, இது நம் பயிற்சி வகுப்பின் வெற்றி என்று தலைவர் பெருமைப்பட்டார். கூட்டக் குறிப்பில் எல்லாம் முறையாக ஏறியது.

எட்டாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. பவதாரிணி படித்துக் காட்டினாள்.

'நோயாளி ஒற்றை விரல் சோதனையில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றார். வலியுள்ள இடம்: குழுத் தலைவர். மேற்படி இடம் நோயாளியின் முழங்காலுக்கு வெளியே அமைந்துள்ளதாலும், காலில் ஒன்றுமில்லை என்று நோயாளியே கூறியுள்ளதாலும், பாதி மூட்டு மாற்றுக்கோ முழு மூட்டு மாற்றுக்கோ அவர் தகுதியுடையவர் அல்லர். மேல்முறையீடு செய்ய விரும்பினால் வலியுள்ள இடத்தின் கையெழுத்தைப் பெற்று இணைக்கவும்.'

"வாயால சொல்றத எடுத்துக்க மாட்டோம்னாங்களே," என்றாள் சோலையம்மாள்.

"தோதா இருந்தா எடுத்துக்குவாங்க போல," என்றார் பேயாண்டி.

கையெழுத்து வாங்கவும் போய்ப் பார்த்தார். மறுபடி பதினெட்டுப் படி. வலியுள்ள இடம் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிருப்பதாகவும், ஒற்றை விரல் பற்றிக் கட்டுரை வாசிப்பதாகவும், புரட்டாசியில் திரும்பும் என்றும் திவ்யா சொன்னாள். "உங்க போட்டோவும் அதுல இருக்குப்பா," என்றாள் சந்தோஷமாக.

ஆவணி இருபத்தேழு வந்தது. தாலி கட்டி முடித்ததும் கூட்டம் பந்திக்குத் திரும்பியது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் முதலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேயாண்டியை உட்காரவைத்திருந்தார். முப்பத்துநாலு வருஷத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்தபடியே ஒவ்வொருவரையும் அழைத்து, உள்ளங்கையை விரித்து வரிசை காட்டினார். கூடம் நிறைந்தது.

நாற்காலியிலிருந்து பார்த்தால் முதல் வரிசையில் பத்துப் பன்னிரண்டு இலை தெரியும். அதற்கு அப்பால் முதுகுகள்தான். கடைசி வரிசை மூலையில் ஒரு கை உயர்ந்து எதையோ கேட்டது. ரசமாக இருக்கலாம், அப்பளமாக இருக்கலாம். பரிமாறுகிறவர்கள் கவனிக்கவில்லை. பேயாண்டி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை இறங்கிவிட்டது. மகள் கல்யாணத்தில் ஒரு கை கேட்டு, கிடைக்காமல் இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த கண்ணுச்சாமி பக்கத்தில் நின்றார். அவருக்கு இப்போது கோபம் எதுவும் இல்லை.

"என்ன சம்பந்தி, எந்திரிக்கவே மாட்டேங்கிறீக. கால் ரொம்பத் தொந்தரவு பண்ணுதோ? எங்கன வலிக்குது?"

பேயாண்டி உள்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். வெளிப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். முழங்கால் சிப்பிக்கு மேலே, கீழே, பின்னால் மடிப்பில் என்று தேடிப் பார்த்தார். பிறகு ஐந்து விரலையும் சேர்த்து, உள்ளங்கையை விரித்து, முழங்கால் மேல் முழுசாக மூடி வைத்தார்.

இந்தத் தடவை அது மரியாதைக்காக இல்லை.